பட்டியலைச் சுட்டெண் கொண்டு சுற்றி வருதல்: பைத்தான் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டியலில் இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு. உறுப்பையே நேரடியாகக் கேட்டுப் பெறலாம். அல்லது உறுப்பு இருக்கும் இடத்தின் எண்ணைப் பெற்று, அந்த எண்ணைச் சொல்லி உறுப்பை எடுக்கலாம். அந்த இட எண்ணைத்தான் பாடநூல்கள் சுட்டெண் என்கின்றன. அலுவலகப் பேச்சில் அது இன்டெக்ஸ். நிரலெழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியை முதலில் கற்றுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் அதையே எழுதுகிறார்கள். சுட்டெண் இல்லாமல் நடக்காத வேலைகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் அவை பழகுபவர் நினைப்பதைவிடக் குறைவு. எந்த வேலைக்கு அது வேண்டும், வேண்டியபோது பிசகில்லாமல் எப்படி எழுதுவது என்பவற்றைப் பைத்தான் மொழியை வைத்து இங்கே பார்க்கலாம்.

நிரல்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஃபார், இன், ரேஞ்ச், லென், பிரிண்ட் போன்ற மொழிச் சொற்களைக் கணினியில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்கோவையில்தான் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் இங்குள்ளபடியே தமிழில் வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 அவற்றை மறுப்பின்றி ஏற்கிறது. கட்டளைச் சொற்களும் தமிழாகவே வேண்டும் என்பவர்களுக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது.

0-வில் தொடங்கும் எண்ணிக்கை

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் ஒன்றின் நிறுத்தங்களைப் பட்டியலாக வைத்துக்கொள்வோம்.

நிலையங்கள் = ["எழும்பூர்", "தாம்பரம்", "செங்கல்பட்டு", "விழுப்புரம்", "திருச்சி"]

இதில் ஐந்து உறுப்புகள் உள்ளன. ஆனால் எழும்பூரின் சுட்டெண் 0, திருச்சியின் சுட்டெண் 4. நிலையங்கள்[5] என்று கேட்டால், சுட்டெண் பட்டியலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும். முதல் உறுப்பை அடைய எத்தனை உறுப்புகளைக் கடக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் 0 இயல்பாகவே வந்துவிடும். தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஒரு மாடியும் ஏற வேண்டியதில்லை. முதல் மாடி என்று நாம் சொல்வது கட்டடத்தின் இரண்டாவது தளம்.

இந்த வழக்கத்துக்கு நினைவகத்தின் அமைப்பே வேர். 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வடிவமைத்த பி.சி.பி.எல் மொழியிலும், அதன் வழிவந்த சி மொழியிலும், அணி (அம்மொழிகளில் பட்டியலுக்கு இணையானது) என்பது தொடக்க முகவரி ஒன்றுதான். சுட்டெண் என்பது அந்த முகவரியிலிருந்து எத்தனை அறைகள் தள்ளிப் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதல் உறுப்புக்குத் தள்ளிப் போக வேண்டிய தூரம் 0. எல்லா மொழிகளும் இந்த வழியில் வரவில்லை. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர், லுவா, ஜூலியா ஆகியவற்றில் எண்ணிக்கை இயல்பாக 1-இல் தொடங்கும். புள்ளியியல் துறையிலிருந்து ஆர் மொழியோடு பைத்தானுக்கு வருபவர்கள் முதல் சில வாரங்கள் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

அடிப்படை மடக்கு

ஃபார் எண் இன் ரேஞ்ச்(லென்(நிலையங்கள்)):
    பிரிண்ட்(எண், நிலையங்கள்[எண்])

உள்ளிருந்து வெளியே படித்தால் இது எளிதாக விளங்கும். லென் என்பது பட்டியலின் நீளத்தைத் தருகிறது, இங்கே 5. ரேஞ்ச்(5) என்பது 0, 1, 2, 3, 4 ஆகிய எண்களை வரிசையாக வழங்குகிறது. ஃபார் மடக்கு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை, அவற்றை ஒவ்வொன்றாக 'எண்' என்ற மாறிக்குள் வைத்து, உள்ளே தள்ளி எழுதப்பட்ட வரியை ஒவ்வொரு முறையும் இயக்குகிறது. ஐந்து சுற்றுகளில் "0 எழும்பூர்" முதல் "4 திருச்சி" வரை திரையில் வரும்.

ரேஞ்ச்(5) என்று எழுதியும் 5 வராமல் போவது தொடக்கத்தில் எல்லோருக்கும் உறுத்தும். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்ற இந்த ஏற்பாட்டுக்குத் தெளிவான நியாயம் இருக்கிறது. 1982 ஆகஸ்ட் 11 அன்று கையால் எழுதிய ஒரு குறிப்பில் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 2 முதல் 12 வரையுள்ள எண்களை எல்லைகளால் குறிக்க நான்கு வழிகள் உண்டு என்று காட்டி, அவற்றுள் "2-க்குக் குறையாமல், 13-ஐ எட்டாமல்" என்பதே சிறந்தது என்று வாதிட்டார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் உறுப்புகளின் எண்ணிக்கை அப்படியே கிடைக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பகுதிகளில் முன்னதன் முடிவே பின்னதன் தொடக்கமாகிறது. நான்கு குறியீடுகளையும் வைத்திருந்த மெசா என்ற நிரல்மொழியைப் பயன்படுத்தியவர்கள், மற்ற மூன்றால் தொடர்ந்து பிழைகள் விளைவதைக் கண்டதாகவும் அவர் அதில் குறிப்பிடுகிறார். ரேஞ்ச்(0, 3), ரேஞ்ச்(3, 5) என்று பட்டியலை இரண்டாக வெட்டிப் பாருங்கள்: எந்த உறுப்பும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது.

இந்த எல்லையில் நானும் வழுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரி விழாவுக்காக நாற்பது பேருக்குச் சான்றிதழ் அச்சிடும் சிறு நிரலை எழுதிக் கொடுத்தேன். மடக்கை 1-இல் தொடங்கியிருந்தேன். பெயர்கள் மதிப்பெண் வரிசையில் இருந்ததால், விடுபட்டது முதற்பரிசு பெற்ற மாணவியின் சான்றிதழ். நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை. முப்பத்தொன்பது தாள்களும் ஒழுங்காகவே அச்சாகி வந்தன. எல்லையை மீறினால் கணினி கத்தும். எல்லைக்குள் குறைவாகச் சுற்றினால் அது வாயே திறக்காது.

எண் உண்மையில் தேவையா

மடக்கின் உடலுக்குள் 'எண்' என்ற மாறி நிலையங்கள்[எண்] என்ற ஒரே வடிவத்தில் மட்டும் வருகிறதென்றால், அது தேவையற்றது.

ஃபார் நிலையம் இன் நிலையங்கள்:
    பிரிண்ட்(நிலையம்)

இப்படி எழுதும்போது தொடக்கமும் முடிவும் நம் கையை விட்டுப் போய்விடுகின்றன. என் சான்றிதழ் நிரலை இவ்வாறு எழுதியிருந்தால் அந்தத் தவறுக்கு இடமே இருந்திருக்காது. உறுப்போடு வரிசை எண்ணும் வேண்டுமென்றால் அதற்கும் ரேஞ்ச் வேண்டியதில்லை. 2003-இல் வெளிவந்த பைத்தான் 2.3 முதல் எனுமரேட் என்ற செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஆயத்த நிரல்) இருக்கிறது.

ஃபார் எண், நிலையம் இன் எனுமரேட்(நிலையங்கள்):
    பிரிண்ட்(எண், நிலையம்)

பயனருக்கு 0 என்று காட்டக் கூடாது, 1-இலிருந்து காட்ட வேண்டும் என்றால் எனுமரேட்(நிலையங்கள், 1) என்று தொடக்க எண்ணைத் தரலாம். அப்படித் தந்த பிறகு அந்த எண் கண்ணுக்குக் காட்டும் வரிசை எண் மட்டுமே, சுட்டெண் அல்ல. அதையே மறுபடி நிலையங்கள்[எண்] என்று பயன்படுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த நிலையம் வந்து, கடைசிச் சுற்றில் நிரல் உடையும். ஆகவே 1-இல் தொடங்கும் மாறிக்கு 'வரிசை' என்றும், 0-வில் தொடங்குவதற்கு 'எண்' என்றும் வேறு வேறு பெயர் வைப்பது என் வழக்கம்.

இரண்டு பட்டியல்களை இணையாகப் படிப்பதும் சுட்டெண் கேட்கும் வேலைபோலத் தோன்றும். நிலையங்கள் ஒரு பட்டியலிலும் வண்டி புறப்படும் நேரங்கள் இன்னொன்றிலும் இருந்தால், ஜிப் என்ற செயற்கூறு அவற்றைச் சோடி சோடியாகத் தரும். ஆனால் நீளங்கள் வேறுபட்டால் ஜிப் குறுகிய பட்டியலோடு ஓசையின்றி நின்றுவிடும். 2021-இல் வந்த பைத்தான் 3.10 முதல் ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பத்தை இயக்கி, நீளம் பொருந்தாதபோது பிழை எழுப்பச் செய்யலாம். புதிதாக எழுதும் நிரலில் அதை இயக்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எண் இல்லாமல் நடக்காத வேலைகள்

முதலாவது, பட்டியலின் உறுப்பையே மாற்றுவது. எல்லா மதிப்பெண்களுக்கும் 5 கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபார் மதிப்பு இன் மதிப்பெண்கள்:
    மதிப்பு = மதிப்பு + 5

இதை ஓட்டிவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணும் மாறியிருக்காது. 'மதிப்பு' என்பது உறுப்புக்கு நாம் ஒட்டிய தற்காலிகப் பெயர்; கூட்டல் நடந்ததும் அந்தப் பெயர் புதிய எண்ணுக்கு இடம் பெயர்கிறது, பட்டியலின் அறையில் பழைய எண் அப்படியே கிடக்கிறது. அறையைத் தொட வேண்டுமென்றால் அறையின் எண் வேண்டும்: மதிப்பெண்கள்[எண்] = மதிப்பெண்கள்[எண்] + 5.

இரண்டாவது, அண்டை உறுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அடுத்தது எது என்று அச்சிட வேண்டும்.

ஃபார் எண் இன் ரேஞ்ச்(லென்(நிலையங்கள்) - 1):
    பிரிண்ட்(நிலையங்கள்[எண்], "முதல்", நிலையங்கள்[எண் + 1])

ஐந்து நிலையங்களுக்கு இடையே நான்கு இடைவெளிகள்தான் உள்ளன என்பதால் நீளத்திலிருந்து 1 குறைக்கிறோம். குறைக்க மறந்தால் கடைசிச் சுற்றில் எண் + 1 என்பது 5 ஆகி, பிழை உடனே வெளிப்படும். இதையே பின்னோக்கி எழுதும்போதுதான் ஆபத்து. நிலையங்கள்[எண் - 1] என்று எழுதி, மடக்கை 0-வில் தொடங்கினால், முதல் சுற்றில் சுட்டெண் -1 ஆகிறது. பைத்தானில் -1 என்பது கடைசி உறுப்பு. எனவே "திருச்சி முதல் எழும்பூர்" என்று ஒரு வரி, உண்மையான தடத்தில் இல்லாத ஒரு பயணம், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முதல் வரியாக வந்து நிற்கும். பின்னால் பார்க்கும் மடக்கை ரேஞ்ச்(1, லென்(நிலையங்கள்)) என்று 1-இலிருந்தே தொடங்க வேண்டும். அடுத்தடுத்த சோடிகள் மட்டும் போதுமென்றால் பைத்தான் 3.10 முதல் இட்டர்டூல்ஸ் தொகுதியில் பேர்வைஸ் என்ற செயற்கூறும் உண்டு.

மூன்றாவது, தாவிச் செல்வது. ஆயிரக்கணக்கான எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது ஐம்பது ஐம்பதாகப் பிரிக்க, ரேஞ்ச்(0, லென்(எண்கள்), 50) என்று மூன்றாவது மதிப்பாகத் தாவலைக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்கள்[தொடக்கம் : தொடக்கம் + 50] என்று வெட்டி எடுக்கலாம். கடைசித் துண்டில் ஐம்பது இல்லாவிட்டாலும் கவலையில்லை. தனி உறுப்பைக் கேட்கும்போது எல்லையில் கண்டிப்பாக இருக்கும் பைத்தான், துண்டு வெட்டும்போது இருப்பதைத் தந்துவிடும்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே நீக்குதல்

சுட்டெண் தொடர்பான பிழைகளில் புரிந்துகொள்ளச் சற்றே நேரம் எடுப்பது இதுதான். தேர்வுக்கு வராதவர்களுக்கு 0 இடப்பட்ட பட்டியலிலிருந்து அந்த 0-க்களை நீக்க வேண்டும்.

மதிப்பெண்கள் = [72, 0, 0, 85, 0]

ஃபார் எண் இன் ரேஞ்ச்(லென்(மதிப்பெண்கள்)):
    இஃப் மதிப்பெண்கள்[எண்] == 0:
        டெல் மதிப்பெண்கள்[எண்]

சுற்றுச் சுற்றாகப் பின்தொடர்வோம். எண் 0 ஆக இருக்கையில் 72, நீக்கமில்லை. எண் 1 ஆனதும் முதல் 0 நீக்கப்பட்டு, பட்டியல் [72, 0, 85, 0] என்று சுருங்குகிறது. இரண்டாவது 0 இப்போது இடம் 1-க்கு நகர்ந்துவிட்டது. மடக்கோ இடம் 2-க்குப் போய் 85-ஐப் பார்க்கிறது. நகர்ந்து வந்த 0 யார் கண்ணிலும் படவில்லை. எண் 3 ஆனதும் கடைசி 0 நீக்கப்பட்டு [72, 0, 85] மிஞ்சுகிறது. எண் 4 ஆனதும் அப்படி ஓர் இடமே இல்லாததால் நிரல் உடைகிறது. ரேஞ்ச் தன் எல்லையைத் தொடக்கத்தில் ஒரே முறைதான் கணக்கிட்டது. பட்டியல் சுருங்கியது அதற்குத் தெரியாது.

எண் இல்லாத மடக்குக்கு மாறினால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே நிரல் உடையாது, ஆனால் தாவிச் செல்வது அப்படியே நடக்கும். மதிப்பைச் சொல்லி நீக்கும் ரிமூவ் கொண்டு நீக்கினால் இதே பட்டியல் [72, 85, 0] என்று முடியும். உடைந்து நிற்பதைவிட இது மோசம்.

தீர்வு, கடைசியிலிருந்து முதலுக்கு வருவது: ரேஞ்ச்(லென்(மதிப்பெண்கள்) - 1, -1, -1). முதல் மதிப்பு கடைசிச் சுட்டெண். நடுவிலுள்ள -1, எட்டக் கூடாத முடிவு. மூன்றாவது, ஒவ்வொரு படியாக இறங்கச் சொல்கிறது. இவ்வாறு போகும்போது, நீக்கத்தால் நகர்பவை நாம் ஏற்கெனவே பார்த்து முடித்த உறுப்புகள் மட்டுமே. மூன்று -1-களை வரிசையாக எழுதுவதில் கை தடுமாறுபவர்கள், பைத்தான் 2.4 முதல் இருக்கும் ரிவர்ஸ்டு செயற்கூறைக் கொண்டு ரிவர்ஸ்டு(ரேஞ்ச்(லென்(மதிப்பெண்கள்))) என்று எழுதலாம்.

ஆனால் நீக்குவதைவிட, வேண்டியதை எடுத்துப் புதுப்பட்டியல் கட்டுவதே நான் பரிந்துரைப்பது:

மீதி = [மதிப்பு ஃபார் மதிப்பு இன் மதிப்பெண்கள் இஃப் மதிப்பு != 0]

ஒவ்வொரு நீக்கத்தின்போதும் அதற்குப் பின்னாலுள்ள எல்லா உறுப்புகளும் ஓர் இடம் முன்னால் நகர்த்தப்படுகின்றன. ஒரு லட்சம் உறுப்புள்ள பட்டியலை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக் காலிசெய்தால் ஏறத்தாழ 500 கோடி நகர்த்தல்கள் ஆகும். புதுப்பட்டியலுக்கு ஒரு லட்சம் பார்வைகள் போதும்.

பிற மொழிகளுக்குப் போகும்போது

சுருக்கமாக மூன்று எச்சரிக்கைகள். ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்-இன் மடக்கு தரும் சுட்டெண் ஒரு சரம், அதாவது எண்ணல்ல, எழுத்துக்கோவை. அதோடு 1 கூட்டினால் 0-வுக்கு அடுத்து 1 வராமல் "01" வரும். ஜாவாவில் லிங்க்டு லிஸ்ட் வகைப் பட்டியலைச் சுட்டெண்ணால் சுற்றினால், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு முனையிலிருந்து நடந்து வர வேண்டியிருப்பதால் பெரிய பட்டியலில் நிரல் தவழும். சி மொழியில் குறியற்ற எண் வகையில் சுட்டெண்ணை வைத்துக்கொண்டு "0-க்குக் குறையாத வரை" என்று பின்னோக்கி எழுதினால் மடக்கு நிற்கவே நிற்காது. அந்த வகை எண் ஒருபோதும் 0-க்குக் கீழே போவதில்லை.

இரண்டு சுட்டெண்கள், ஒரு தமிழ்ச் சொல்

இருபுறமிருந்தும் நடுவை நோக்கி வரும் வேலைக்கு இரண்டு சுட்டெண்கள் வேண்டும். அதற்கு, நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் வைல் மடக்கே பொருத்தம். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படும் மாலைமாற்றுச் சொல்லைக் கண்டறிவது இதற்கு நல்ல பயிற்சி.

இடது = 0
வலது = லென்(சொல்) - 1
வைல் இடது < வலது:
    இஃப் சொல்[இடது] != சொல்[வலது]:
        பிரிண்ட்("மாலைமாற்று அல்ல")
        பிரேக்
    இடது += 1
    வலது -= 1
எல்ஸ்:
    பிரிண்ட்("மாலைமாற்று")

மடக்கோடு ஒட்டி எழுதப்பட்ட எல்ஸ், பிரேக் நடக்காமல் மடக்கு தானாக முடிந்தால் மட்டும் இயங்கும். ஃபார் மடக்கில் எண்ணை ரேஞ்ச் ஏற்றியது. இங்கே இரண்டையும் நாமே நகர்த்துகிறோம். கடைசி இரண்டு நகர்த்தல் வரிகளை மறந்தால், முனையெழுத்துகள் பொருந்தும் சொல்லுக்கு மடக்கு ஓயாமல் சுற்றும்.

இனி இதில் "விகடகவி" என்ற சொல்லைக் கொடுங்கள். தமிழ் தெரிந்த எவரும் மாலைமாற்று என்று சொல்லும் அந்தச் சொல்லை நிரல் "அல்ல" என்று மறுக்கும். நிரலில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. லென்(சொல்) என்ன தருகிறதென்று பாருங்கள்: 5 வராது, 7 வரும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'வி' என்பது 'வ' என்ற அகரமேறிய எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே சுட்டெண் 0-வில் 'வ' இருக்கிறது, சுட்டெண் 6-இல் வெறும் இகரக் குறி இருக்கிறது. முதல் ஒப்பீட்டிலேயே இரண்டும் பொருந்தவில்லை. "தமிழ்" என்ற சொல்லுக்கும் நீளம் 3 அல்ல, 5.

எனவே சுற்றத் தொடங்கும் முன், குறிகளின் வரிசையை எழுத்துகளின் பட்டியலாக மாற்றிக்கொள்ள வேண்டும். பதினொரு உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்து நிற்காதவை. அவற்றை முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிவிடலாம்.

சார்புகள் = "ா ி ீ ு ூ ெ ே ை ொ ோ ௌ ்".ஸ்ப்ளிட்()
எழுத்துகள் = []
ஃபார் குறி இன் சொல்:
    இஃப் எழுத்துகள் அண்ட் குறி இன் சார்புகள்:
        எழுத்துகள்[-1] += குறி
    எல்ஸ்:
        எழுத்துகள்.அப்பெண்ட்(குறி)

சற்று முன் நம்மை ஏமாற்றிய -1 இங்கே வேலைக்கு உதவுகிறது. கடைசியாகச் சேர்த்த எழுத்து எதுவோ அதோடு குறியை ஒட்டுகிறது. "கொக்கு" போன்ற சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் ஒப்பிட்டால் வேறாகும். யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறால் முதலில் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றை மேலுள்ள நிரல் இரண்டு எழுத்துகளாகவே பிரிக்கும்; அவற்றையும் கையாள வேண்டிய பெரிய வேலையென்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஆயத்தச் செயற்கூறு இருக்கிறது.

இரண்டு சுட்டெண் மடக்கில் 'சொல்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'எழுத்துகள்' என்று மாற்றி மறுபடி ஓட்டினால், நீளம் 5 ஆகிறது. இடது 0, வலது 4-இல் தொடங்கி, 'வி'யும் 'வி'யும், 'க'வும் 'க'வும் பொருந்தி, இரண்டு சுட்டெண்களும் 'ட'வில் சந்திக்கும்போது மடக்கு தானாக முடிந்து, எல்ஸ் பகுதி "மாலைமாற்று" என்று அச்சிடுகிறது.